கேப்ஸ்யூல் இன்ஹேலரிலிருந்து ஸ்பேசருக்கு மாறச் சொல்கிறார்கள்: மருந்து அதேதான் என்றால் கருவியை ஏன் மாற்ற வேண்டும்?

பெரம்பூர் வாசகி:
என் தாயார் எழுபது வயதைக் கடந்தவர். ஆஸ்துமாவுக்காகப் பல ஆண்டுகளாகக் கேப்ஸ்யூல் போட்டு உறிஞ்சும் இன்ஹேலரைப் பயன்படுத்தி வருகிறார். ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து, அவர் உறிஞ்சி முடித்த பிறகும் கேப்ஸ்யூலின் உட்புறத்தில் வெள்ளைத் தூள் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கிறது. மாடிப்படி ஏறினால் இளைப்பும் வருகிறது. மருத்துவர் அதே மருந்தை அழுத்தும் பம்பாக மாற்றி, கூடவே ஸ்பேசரும் (பம்புக்கும் வாய்க்கும் இடையே பொருத்தும் குழாய் போன்ற கூடு) எழுதிக் கொடுத்திருக்கிறார். கருவியை மட்டும் மாற்றுவதால் என்ன பயன் என்று தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன். "பம்ப் பழகிவிட்டால் விடவே முடியாது, மாத்திரையே போதும்" என்று உறவினர்கள் சொல்வதால் அம்மாவும் தயங்குகிறார்.

மருந்தியல் ஆசிரியர், குரோம்பேட்டை:
சகோதரி, நீங்கள் பார்த்த அந்தத் திட்டுகளிலேயே பாதி விடை இருக்கிறது. நுரையீரலின் சிறு கிளைகள் வரை மருந்து போய்ச் சேர வேண்டுமானால், அதன் துகள்கள் ஏறக்குறைய 1 முதல் 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவில் இருக்க வேண்டும். அதைவிடப் பெரியவை தொண்டையில் மோதி வயிற்றுக்குள் போய்விடும். மிக நுண்ணியவற்றில் ஒரு பகுதி வெளிமூச்சோடு திரும்பிவிடும். இவ்வளவு நுண்ணிய தூள் தனியாக இருந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பதால், பெரும்பாலான கேப்ஸ்யூல்களில் அதைப் பருமனான லாக்டோஸ் (பால் சர்க்கரை) துகள்களின் மேல் படியும்படி கலந்து வைக்கிறார்கள். உறிஞ்சும்போது எழும் காற்றின் வேகம்தான் லாக்டோஸிலிருந்து மருந்தைப் பிரித்தெடுக்க வேண்டும். அந்தக் கருவியில் நோயாளியின் மூச்சைத் தவிர வேறு விசை எதுவும் கிடையாது. வயதானவர்களுக்கும், இளைப்பு வந்த நேரத்தில் யாருக்குமே, அந்த விசை குறைந்துவிடுகிறது.

இதோடு சென்னையின் ஈரக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. ஈரம் பட்டால் துகள்கள் இறுகப் பிணைந்துவிடும். தூள் கேப்ஸ்யூலை விட்டு வெளியேறினாலும் மருந்து லாக்டோஸை விட்டுப் பிரியாமல் தொண்டையிலேயே தங்கிவிடும். சிறிதளவு தூள் மிஞ்சுவது எப்போதும் உள்ளதுதான், ஆனால் திட்டாக ஒட்டியிருந்தால் ஈரம் புகுந்திருக்கக்கூடும் என்றே கொள்ள வேண்டும். கருவிக்குள் மூச்சை வெளியே விடுவதும், காலையிலேயே கேப்ஸ்யூலைப் பொருத்தி வைப்பதும், டப்பாவைச் சமையலறையில் திறந்து வைப்பதும் இதே தீங்கைச் செய்யும்.

அழுத்தும் பம்பில் மருந்து திரவமாக்கப்பட்ட வாயுவோடு மூடிய உலோகக் குப்பிக்குள் இருப்பதால், வெளியிலுள்ள ஈரம் அதை எளிதில் அண்டாது. வெளியே தள்ளும் விசையையும் அந்த வாயுவே தருகிறது. 1956-இல் அறிமுகமான முறை இது. ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் கையெழுத்தான மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் விளைவாகப் பழைய குளோரோ புளோரோ கார்பன் வாயு கைவிடப்பட்டு, வேறு வாயுக்கள் வந்தன. பம்பின் குறை ஒன்றுதான்: மருந்து மிக வேகமாக வெளிவருவதால், அழுத்தும் நொடியும் உள்ளிழுக்கும் நொடியும் பொருந்தியாக வேண்டும். ஸ்பேசர் அந்தப் பொருத்தத்தின் தேவையைத் தளர்த்துகிறது, பெரிய துளிகளையும் தன் சுவரிலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. உங்கள் மருத்துவரின் முடிவு மிகச் சரியானது என்பதே என் கருத்து.

சுவாசப் பிரிவு செவிலியர், தாம்பரம்:
அம்மாவிடம் முதலில் சொல்ல வேண்டியது, மூச்சிழுக்கும் விதம் தலைகீழாக மாறுகிறது என்பதைத்தான். கேப்ஸ்யூலை வேகமாகவும் பலமாகவும் உறிஞ்ச வேண்டும். ஸ்பேசரிலோ மெதுவாக, ஆழமாக இழுத்து, முடிந்தால் பத்து நொடி மூச்சை அடக்க வேண்டும். பழைய வேகத்தில் இழுத்தால் மருந்து தொண்டையில் படியும். அடக்க இயலாதவர்கள் ஸ்பேசரில் வாயை வைத்தபடியே நான்கைந்து முறை இயல்பாக மூச்சு விட்டு இழுக்கலாம். ஒவ்வொரு முறையும் பம்பைக் குலுக்கி, ஒரே ஒரு பஃப் (ஒரு அழுத்தலில் வரும் மருந்து) மட்டும் அழுத்துங்கள். பிளாஸ்டிக் ஸ்பேசரைச் சோப்பு நீரில் கழுவித் தானாக உலர விடுங்கள். துணியால் துடைத்தால் உண்டாகும் நிலைமின்சாரம் மருந்தைச் சுவரோடு இழுத்துக்கொள்ளும். புடசோனைடு போன்ற ஸ்டீராய்டு சேர்ந்த பம்பாக இருந்தால், பிறகு வாய் கொப்பளித்துத் துப்புவது கட்டாயம். இல்லையெனில் வாயில் பூஞ்சைத் தொற்று வரக்கூடும்.

மருந்தாளுநர், புரசைவாக்கம்:
மாத்திரையைப் பற்றி ஒரு கணக்கு சொல்கிறேன். மூச்சுக்குழாயைத் தளர்த்தும் சால்பியூடமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம், அதாவது 4000 மைக்ரோகிராம் மருந்து இருக்கிறது. ஒரு பஃப்பில் 100 மைக்ரோகிராம்தான். மாத்திரை இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் பரவுவதால்தான் கைநடுக்கமும் படபடப்பும் கூடுதலாக வருகின்றன. பம்ப் அடிமைப்படுத்தும் என்பது உண்மையல்ல. நீடித்த நோய்க்கு நீடித்த மருந்து தேவைப்படுகிறது, அவ்வளவுதான்.

பெரம்பூர் வாசகி:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வீட்டில் மீதமுள்ள கேப்ஸ்யூல்களை, பம்போடு சேர்த்து இடையிடையே பயன்படுத்தித் தீர்த்துவிடலாமா?

மருந்தாளுநர், புரசைவாக்கம்:
வேண்டாம், அம்மா. மருந்து ஒன்றே என்பதால் அளவு இரட்டிப்பாகிவிடும். ஈரம் பட்டவற்றை அப்புறப்படுத்திவிட்டு, பிரிக்காத டப்பா இருந்தால் அதை அடுத்த முறை மருத்துவரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.