ஆசியாவில் கம்யூனிசம்: மாஸ்கோ அனுப்பியதா, மண்ணில் முளைத்ததா?

பழைய ஏடு:
ஆசியக் கம்யூனிசம் தானாக எழுந்த மக்கள் இயக்கம் என்று தென்கரை எழுதியிருக்கிறார். தேதிகளைப் பாருங்கள். 1917இல் ரஷ்யப் புரட்சி, 1919இல் மாஸ்கோவில் பல நாட்டுக் கம்யூனிஸ்ட் கட்சிகளை ஒன்றிணைத்த கம்யூனிஸ்ட் அகிலம். 1920 மே மாதம் டச்சுக் காலனியாக இருந்த ஜாவாவின் (இன்றைய இந்தோனேசியா) செமாரங்கில் ஒரு கம்யூனிஸ்ட் கட்சி, அக்டோபரில் சோவியத் ஆட்சியில் இருந்த தாஷ்கண்டில் எம்.என்.ராய் முன்னின்று தொடங்கிய இந்தியக் கட்சி, 1921 ஜூலையில் ஷாங்காயில் சீனக் கட்சி. செமாரங்கில் வித்து போட்டவரும் ஷாங்காய் கூட்டத்தில் அகிலத்தின் சார்பில் உட்கார்ந்தவரும் ஒரே ஆள்தான், ஸ்னீவ்லீட் என்ற டச்சுக்காரர். இன்னும் என்ன சாட்சி வேண்டும்?

தென்கரை:
உங்கள் சாட்சி எனக்குத்தான் உதவுகிறார். ஸ்னீவ்லீட் ஜாவாவுக்கு வந்தது 1913இல். அங்கே சோஷலிஸ்ட் சங்கம் தொடங்கியது 1914இல். லெனின் அப்போது வெளிநாட்டில் தஞ்சம் புகுந்திருந்தார். டச்சுக்காரர்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தால் ஒன்றும் நடக்காது என்று தெரிந்ததும் அந்தச் சங்கத்தார் சரேகத் இஸ்லாமுக்குள் போய் ஆள் சேர்த்தார்கள். பத்திக் துணி வியாபாரிகள் தொடங்கிய முஸ்லிம் அமைப்பு அது. அதன் செமாரங் கிளைத் தலைவர் செமாவுன், இருபதை ஒட்டிய வயது, ரயில்வே தொழிற்சங்கக்காரர். அவரே 1920இல் கட்சியின் முதல் தலைவர். ஸ்னீவ்லீட்டை டச்சு அரசு 1918 கடைசியிலேயே வெளியேற்றிவிட்டது. கட்சி பிறந்தபோது அவர் ஜாவாவிலேயே இல்லை.

பழைய ஏடு:
ஜாவா ஒரு ஓரம். சீனாவுக்கு வாருங்கள். ஆலோசகர் போரோடின், துப்பாக்கி, பணம், வாம்போவா ராணுவக் கல்லூரி என்று எல்லாம் சோவியத் உதவி.

தென்கரை:
அந்தக் கல்லூரி யாருடையது ஐயா? சீன தேசியவாதக் கட்சியான கோமின்டாங்குடையது! அதன் தலைவர் சியாங் கை ஷேக். மாஸ்கோ கம்யூனிஸ்ட்டுகளை கோமின்டாங்குக்குள் சேரச் சொன்னது, சேர்ந்தார்கள். 1927 ஏப்ரலில் ஷாங்காயில் அதே சியாங் அவர்களை வேட்டையாடினார். மிஞ்சியவர்களில் மாவோ மலைக்கு ஏறினார், விவசாயிகளை நம்பிப் படை கட்டினார். மாஸ்கோ சொன்னபடி மட்டும் நடந்திருந்தால் 1949இல் சீனாவில் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்திருக்காது என்பது என் கணக்கு.

வழிப்போக்கன்:
வியட்நாம் தலைவர் ஹோ சி மின்னை இருவரும் மறந்துவிட்டீர்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு நடந்த 1919 வெர்சாய் சமாதான மாநாட்டில் வியட்நாமியருக்கு உரிமை கேட்டு மனு கொடுத்தார், பெரிய நாடுகள் கண்டுகொள்ளவில்லை. காலனி நாடுகளின் விடுதலையைப் பற்றி லெனின் எழுதியதைப் படித்த பிறகுதான் 1920இல் பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் கட்சி உருவானபோது அதில் சேர்ந்தார். முதலில் வந்தது நாட்டுப்பற்று, மார்க்ஸ் அப்புறம்.

பழைய ஏடு:
மங்கோலியா? வட கொரியா? 1921இலும் 1945இலும் சோவியத் ராணுவமான செம்படை நுழைந்த பிறகு வந்த ஆட்சிகள்தானே அவை?

தென்கரை:
அந்த இரண்டையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். செம்படை எட்டிக்கூடப் பார்க்காத வியட்நாமுக்குப் பதில் சொல்லுங்கள்.