மாரத்தானை விட்டு சைக்கிளில் ஏறிய கதை

ஜனவரியில் முழு மாரத்தான் ஓடப்போவதாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். ஆகஸ்டிலேயே முட்டி காலை வாரிவிட்டது. தப்பு என்னுடையதுதான். வாரம் 40 கி.மீ. ஓடிக்கொண்டிருந்தவன் மூன்றே வாரத்தில் 65-க்குத் தாவினேன். ஒரு ஞாயிறு விடிகாலை, மெரினாவில் 18-வது கி.மீ.யில் வலது முட்டியின் வெளிப்பக்கம் சுளீரென்று பிடித்தது. வீட்டில் மாடிப்படி ஏற முடிகிறது, இறங்க முடியவில்லை. ஐ.டி. பேண்ட், அதாவது இடுப்பிலிருந்து முட்டிவரை தொடையின் வெளிப்பக்கம் ஓடும் பட்டைதான் பிரச்சினை என்றார் பிசியோ. இடுப்புத் தசையில் வலு போதவில்லையாம்.

பதிவுக் கட்டணம் போனதுகூடப் பரவாயில்லை. ஓட்டக் குழு வாட்ஸப்பில் தினமும் வந்து விழும் கி.மீ. கணக்கைத்தான் பார்க்க முடியவில்லை. மியூட்டில் போட்டேன்.

மச்சான் வீட்டில் தூசி படிந்து கிடந்த கியர் சைக்கிளைச் சும்மாதான் எடுத்து வந்தேன். அவர் ஆறடி. சீட்டை இறக்கிய பிறகு முட்டி முனகவில்லை. சரி, டிசம்பர் கடைசியில் 200 கி.மீ. பிரெவே, அதாவது நேரக் கெடு வைத்த நெடுந்தூர சைக்கிள் பயணம், போகலாம் என்று பெயர் கொடுத்தேன். அதில் ரேங்க் கிடையாது. வழியில் கன்ட்ரோல் எனும் சோதனை இடங்களில் அட்டையில் முத்திரை வாங்கி, பதிமூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். டீ, பஞ்சர் எல்லாம் அந்த நேரத்திலேயே அடக்கம்.

ஈ.சி.ஆரில் கடப்பாக்கம் தாண்டும்வரை நான்தான் ராஜா. திரும்பிய பிறகுதான் புரிந்தது, காலையிலிருந்து என்னைத் தள்ளிக்கொண்டு வந்தது வாடைக்காற்று. அதே காற்று இப்போது முகத்தில். கல்பாக்கம் வருவதற்குள், கார் எடுத்து வரச் சொல்லி மச்சானுக்கு போன் போடலாமா என்று இரண்டு முறை நினைத்தேன். உப்புப் போட்ட லெமன் சோடா காப்பாற்றியது. 12 மணி நேரம் 50 நிமிடத்தில் முடித்தேன்.

அடுத்து 300. இருபது மணி நேரம், ராத்திரியும் ஓட்ட வேண்டும். லைட், ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் வாங்கியாச்சு. மாரத்தான் பேச்சை இப்போதைக்கு எடுப்பதில்லை.

உங்களில் யாராவது இப்படி மாறியிருக்கிறீர்களா?

*

அண்ணா, 300-க்கு முன் நல்ல கையுறை வாங்குங்கள். 400 முடித்த பிறகு எனக்கு இரண்டு வாரம் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தே கிடந்தன. சட்டைப் பட்டன் போட அம்மா வர வேண்டியிருந்தது. உள்ளங்கையை ஹேண்டில்பாரில் ஊன்றியே இருந்ததில் நரம்பு நசுங்கியதாம். 600-ஐக் கைவிட்டேன், அதோடு 200, 300, 400, 600 நான்கையும் ஒரே வருடத்தில் முடிப்பவர்களுக்குக் கிடைக்கும் எஸ்.ஆர். (சூப்பர் ராண்டனர்) பட்டமும் போச்சு.

நானும் மாறிவிட்டேன், இப்போது திருவண்ணாமலை கிரிவலம். ஒரு சுற்று 14 கி.மீ. அடுத்த பௌர்ணமிக்கு இரண்டு சுற்று, வெறுங்காலில். போன தடவை ஒரு பாட்டி, கையில் தூக்குச்சட்டியோடு, என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார். முதலில் அவரைப் பிடிக்க வேண்டும்.