முகாமில் வளர்ந்த செவிலியர் ஜெர்மனிக்குச் செல்ல வழி உண்டா?

கேள்வி: செவிலியர் ஆசிரியை, சேலம்
வணக்கம். தாரமங்கலத்தை அடுத்த குறுக்குப்பட்டி இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் வளர்ந்த என் மாணவி, பி.எஸ்சி. நர்சிங் முடித்து இங்கே தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணி பார்க்கிறாள். உடன் படித்தவர்கள் ஜெர்மன் மொழியில் பி2 தேறி ஒவ்வொருவராக விமானம் ஏறுகிறார்கள், அவளும் தேறிவிட்டாள். 1999-இல் ஓமலூரில் பிறந்ததற்கான சான்றிதழ் இருக்கிறது. பெற்றோர் 1990-இல் படகில் வந்தவர்கள். இந்தியக் கடவுச்சீட்டு கிடைக்குமா?

பதில்: வழக்கறிஞர், அஸ்தம்பட்டி
பிறப்புச் சான்றிதழ் மட்டும் போதாது, அம்மா. 1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்தவருக்குப் பெற்றோர் யாராயினும் குடியுரிமை உண்டு. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022-இல் உத்தரவிட்டது அதன்படிதான். உங்கள் மாணவி பிறந்த காலத்துக்கு உரிய விதி வேறு: தாய், தந்தை இருவரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். விண்ணப்பித்துப் பெறலாம் என்றால், உரிய ஆவணமின்றி வந்தவர்களைக் குடியுரிமைச் சட்டத்தின் 2003-ஆம் ஆண்டுத் திருத்தம் தடுக்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திலோ இலங்கைக்கு இடமே இல்லை. இது நியாயமா என்று கேட்டால் எனக்கும் கோபம்தான் வருகிறது.

பதில்: முகாம்வாசி, ஆத்தூர்
எங்கள் பிள்ளைகள் பலர் இலங்கைக் கடவுச்சீட்டில்தான் போகிறார்கள், ரீச்சர். பெற்றோரின் இலங்கைப் பிறப்புச் சான்று, திருமணப் பதிவு ஆகியவற்றுடன் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து, வம்சாவளிக் குடியுரிமை பெற வேண்டும். ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தினர் இதற்கு உதவுவார்கள். தகப்பனின் பெயர் முகாம் அட்டையில் ஒரு மாதிரியும் இலங்கைச் சான்றில் வேறு மாதிரியும் இருந்தால் கோப்பு அங்கேயே நின்றுவிடும் என்பதால், முதலில் அதைச் சரிபாருங்கள். பிறகு எக்ஸிட் பெர்மிட், அதாவது இந்தியாவை விட்டு வெளியேறும் அனுமதி, வாங்க வேண்டும்.

பதில்: தோட்டக்காரர், ஏற்காடு
அதற்கு முன் ஒன்றை விசாரியுங்கள்: பெற்றோர் மலையகத்தவரா, அதாவது இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு இங்கிருந்து போன தமிழர்களின் வழியினரா? 1964-ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் அவர்களில் 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தது. அவ்வாறு இந்தியக் கடவுச்சீட்டு பெற்றும், தலைமன்னார்–இராமேசுவரம் கப்பல் 1984-இல் நின்றுபோனதால் அங்கேயே தங்கிவிட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களில் சிலர் பின்னர் படகில் அகதிகளாக வந்தார்கள். அந்தப் பழைய கடவுச்சீட்டோ அதன் எண்ணோ பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால், வழக்கறிஞர் ஐயா சொன்ன விதியின்படியே அந்தப் பெண் பிறப்பால் இந்தியர் என்று வாதாடலாம். அது தெரியும் வரை தூதரகத்தில் எதிலும் கையெழுத்திட வேண்டாம் என்று சொல்லுங்கள்.