எல்லை தாண்டினால் பெட்ரோலில் எத்தனால் அளவு மாறுகிறதா? கார்புரேட்டர் வண்டி தயங்குவது குறித்து

கொழிஞ்சாம்பாறைக்காரன் கேட்டது:

என்னிடம் இருப்பது 2014-இல் வாங்கிய 150 சிசி கார்புரேட்டர் வண்டி. வால்பாறைப் பக்கம் தேயிலைத் தோட்டமொன்றில் வேலை என்பதால், திங்கட்கிழமை விடியலில் கேரளப் பக்கம் வீட்டருகே உள்ள பங்கில் பெட்ரோல் போட்டுக்கொண்டு, பொள்ளாச்சி, ஆழியாறு வழியாக 40 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போய், சனிக்கிழமை மாலை இறங்கி வருவேன். கேரளத்தைவிட லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு என்பதால், இறங்கும்போது பொள்ளாச்சியில் இரண்டு மூன்று லிட்டர் போடுவது வழக்கம். அது ஞாயிற்றுக்கிழமை ஊர்ச்சுற்றலிலேயே தீர்ந்துவிடும்.

ஒரு வருடமாகக் கவனித்து வருகிறேன். வீட்டருகே போடும் பெட்ரோலில் மலைமேல் வாரம் முழுவதும் வண்டி நன்றாக ஓடுகிறது. பொள்ளாச்சியில் போட்ட பிறகோ, ஆக்சிலேட்டரைக் கால்வாசியிலிருந்து பாதிக்குத் திருகும்போது ஒரு நொடி மூச்சை அடக்கிக்கொண்டது போல நின்று, பிறகுதான் இழுக்கிறது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் சுண்ணாம்பு போல வெளுத்திருக்கிறது. கார்புரேட்டரை 2019-இல் டியூன் செய்தது. அதன்பின் யாரும் கைவைக்கவில்லை. தமிழ்நாட்டுப் பக்கம் எத்தனால் கூடுதலாகக் கலக்கிறார்களா? அப்படியானால் எந்தப் பெட்ரோலுக்கு ஏற்றபடி ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் பாயும் துளை) அளவை மாற்றுவது?

வேதியியல் ஆசிரியர், பாலக்காடு சித்தூர்:

எத்தனாலைக் குழாய்வழியே அனுப்புவதில்லை. அது நீரை ஈர்த்துக்கொள்ளும். கொச்சியிலிருந்து இருகூர் வழியாகக் கரூர் வரை செல்லும் குழாயில் வருவது எத்தனால் சேராத பெட்ரோலே. கிடங்கில் டேங்கர் லாரிக்கு ஏற்றும்போதுதான் எத்தனால் சேர்க்கப்படுகிறது. எனவே மாநில எல்லையைவிட, பங்குக்கு எந்தக் கிடங்கிலிருந்து சரக்கு வருகிறது என்பதே முக்கியம்.

ஊகிக்க வேண்டியதில்லை, அளந்தே பார்க்கலாம். மூடியுள்ள 100 மில்லி அளவுக் குவளையில் 10 மில்லி தண்ணீரும் 90 மில்லி பெட்ரோலும் ஊற்றி, நன்றாகக் குலுக்கிப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். எத்தனால் பெட்ரோலை விட்டுத் தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கிவிடும். அடியிலுள்ள அடுக்கு ஏறத்தாழ 19 மில்லிக்கு உயர்ந்தால் இ10 (பத்து விழுக்காடு எத்தனால்), 28 மில்லியை நெருங்கினால் இ20 (இருபது விழுக்காடு). திறந்த வெளியில், நெருப்புக்கு எட்டாத இடத்தில் செய்யுங்கள். தண்ணீர் கலந்த பெட்ரோலை மறந்தும் டேங்கில் ஊற்றிவிடாதீர்கள்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

இரண்டு பெட்ரோலையும் சோதித்தேன், ஐயா. வீட்டருகே வாங்கியதிலும் பொள்ளாச்சியில் வாங்கியதிலும் அடி அடுக்கு 27-க்கும் 28-க்கும் நடுவே நின்றது. இரண்டும் ஒன்றுதான் என்றால் வண்டி ஏன் இரண்டு விதமாக ஓடுகிறது?

பட்டறைக்காரர், ஆனைமலை:

தம்பி, நீங்கள் பெட்ரோலை ஒப்பிடுவதாக நினைத்துக்கொண்டு மலையையும் சமவெளியையும் ஒப்பிட்டிருக்கிறீர்கள். திங்கட்கிழமை காலை வீட்டிலிருந்து ஆழியாறு வரை, அதே வீட்டருகேப் பெட்ரோலில், வண்டி தயங்குகிறதா இல்லையா என்பதை முதலில் சொல்லுங்கள்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இ10-க்கு இது 14.1 ஆகவும், இ20-க்கு 13.5 ஆகவும் இறங்குகிறது. கார்புரேட்டருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது; ஜெட் துளை எவ்வளவு விடுகிறதோ அவ்வளவே போகும். நீங்கள் டியூன் செய்த 2019-இல் நாட்டில் கலப்பு சராசரியாக 5 விழுக்காட்டைச் சுற்றியே இருந்தது. அது 2020–21-இல் 8.1, 2022–23-இல் 12.06, 2023–24-இல் 14.6 என்று ஏறி, இப்போது 20-இல் நிற்கிறது. நீங்கள் ஒன்றும் செய்யாமலேயே, உங்கள் வண்டி 6 விழுக்காட்டுக்கு மேல் லீன் (காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்த கலவை) ஆகிவிட்டது.

வால்பாறை ஏறத்தாழ 3,500 அடி உயரம். அங்கே காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு குறைவதால், கார்புரேட்டர் வண்டி 5 விழுக்காடு அளவுக்கு ரிச் (பெட்ரோல் மிகுந்த கலவை) ஆகிறது. எத்தனால் உண்டாக்கிய குறையை மலை ஈடுகட்டிவிடுகிறது. கீழே இறங்கியதும் குறை வெளிப்பட்டுவிடுகிறது.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

உண்மைதான், அண்ணா. திங்கட்கிழமைகளில் எல்லையிலுள்ள கோபாலபுரம் தாண்டும்வரை தயங்கத்தான் செய்கிறது. விடியற்காலைக் குளிரில் இன்ஜின் சூடாகவில்லை என்று நானே அதற்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வாளையாறு ஸ்கூட்டர்:

என்னுடைய பிஎஸ்6 (புதிய புகை விதிப்படி வந்த, கார்புரேட்டர் இல்லாத) ஸ்கூட்டரில் இந்தத் தொல்லையே இல்லை. புகைக்குழாயிலுள்ள ஆக்சிஜன் சென்சார் லீன் ஆவதைக் கண்டு சொல்ல, ஈசியூ என்னும் சிறு கணினி ஊசிமருந்து போல அளந்து கூடுதல் பெட்ரோலைத் தெளித்துவிடுகிறது. குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும்போதும், முழு ஆக்சிலேட்டரிலும் மட்டும் அது சென்சாரைக் கேட்பதில்லை. மைலேஜ் குறைந்தது என்னவோ உண்மை; எத்தனாலில் லிட்டருக்கு 21 மெகாஜூல், பெட்ரோலில் 32 மெகாஜூல் என்னும்போது, இ10-இலிருந்து இ20-க்கு மாறினாலே ஆற்றல் மூன்றரை விழுக்காடு போய்விடும். பதிலுக்கு ஆக்டேன் எண் (இன்ஜின் தட்டாமல் எரியும் திறன்) 91-இலிருந்து 95 ஆகிறதே, இவர் இக்னிஷன் டைமிங்கை (பிளக்கில் தீப்பொறி விழும் நேரத்தை) இரண்டு டிகிரி முன்னே வைத்தால் இழந்ததைக் கொஞ்சம் மீட்கலாமல்லவா?

பட்டறைக்காரர், ஆனைமலை:

வேண்டாம். ஏற்கெனவே லீனாகச் சூடேறும் இன்ஜினில் டைமிங்கையும் முன்னே தள்ளுவது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவதாகும். அவர் வண்டியில் தீப்பொறியை இயக்கும் சிடிஐ பெட்டியில் அதை மாற்ற எளிய வழியும் இல்லை. கலவை சரியானபிறகு அதைப் பற்றிப் பேசலாம்.

தம்பி, தயக்கம் கால் முதல் அரை ஆக்சிலேட்டருக்குள் வருவதால் முதலில் கார்புரேட்டருக்குள் ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் ஊசியைத் தொடுங்கள், மெயின் ஜெட்டை அல்ல. கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் ஊசி உயர்ந்து பெட்ரோல் கூடுதலாகப் போகும். கிளிப் பள்ளம் இல்லாத ஊசியாக இருந்தால், அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள வாஷர் ஒன்றை அடியில் வையுங்கள். முழு ஆக்சிலேட்டரிலும் திணறினால்தான் மெயின் ஜெட். துளையின் விட்டத்தில் 3 விழுக்காடு போதும். 100 எண் ஜெட் இருந்தால் 102 போட்டுப் பாருங்கள், உடனே 105-க்குத் தாவ வேண்டாம். கார்புரேட்டரைத் திறக்கும்போது மிதவை ஊசியின் ரப்பர் முனையையும் பெட்ரோல் குழாயையும் பாருங்கள். அந்தக் காலத்து ரப்பர் எத்தனாலில் ஊறி உப்பிப்போவது உண்டு.

இப்படிச் செய்தால் மலைமேல் சற்று ரிச் ஆகத்தான் ஓடும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம்: பிளக் கொஞ்சம் கறுக்கும், மைலேஜ் குறையும். லீனாக ஓடினால் போவது எக்ஸாஸ்ட் வால்வும் பிஸ்டனும். ஒரே ஜெட்டில் இரண்டு இடங்களில் ஓட வேண்டிய வண்டியைச் சமவெளிக்கும் அதிக எத்தனாலுக்கும் ஏற்றபடிதான் வைக்க வேண்டும்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

மூன்று வாரம் ஓட்டிவிட்டு எழுதுகிறேன். ஊசியை ஒரு பள்ளம் உயர்த்தியதோடு தயக்கம் நின்றுவிட்டது. மெயின் ஜெட்டைத் தொடவில்லை. பெட்ரோல் குழாய் கையால் அழுத்தினாலே பிதுங்கியதால் அதை மாற்றினேன். பிளக் இப்போது கீழே இளம் பழுப்பாகவும், மலைமேல் ஒரு வாரம் ஓடியபின் காப்பிப்பொடி நிறத்திலும் இருக்கிறது. பொள்ளாச்சியில்தான் இப்போதும் பெட்ரோல் போடுகிறேன். ஒரு வருடமாக அந்தப் பங்குக்காரரை மனத்துக்குள் திட்டிக்கொண்டிருந்தேன் என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.