மெட்டபாலோமிக்ஸ், பயோமார்க்கர்: தொகையா, காட்டியா?

மெட்டபாலோமிக்ஸ், பயோமார்க்கர் இரண்டுக்கும் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற பேச்சுக்கு என் பங்கு இது. ஐயா, மெட்டபாலோமிக்ஸுக்கு (உடலின் வளர்சிதைமாற்றத்தில் வரும் சிறு மூலக்கூறுகளை மொத்தமாக அளந்து படிக்கும் துறை) நீங்கள் சொன்ன 'வளர்சிதைமாற்றவியல்' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது வளர்சிதைமாற்றத்தைப் பற்றிய எந்தப் படிப்புக்கும் பொருந்திவிடும், நாம் பெயர் தேடுவது அதற்குள் ஒரு தனி வழிக்கு.

பழைய வழி இப்படி: 1934இல் நார்வேயில் ஃபோலிங் என்ற மருத்துவர், அறிவுசார் குறைபாடுள்ள அக்கா தம்பி இருவரின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு விட்டுப் பார்த்தார். கீட்டோன் இருந்தால் சிவக்க வேண்டிய சோதனை, பச்சையாகிவிட்டது. துருவிப் பார்த்தால் ஃபீனைல்பைருவிக் அமிலம். இன்று ஃபீனைல்கீட்டோன்யூரியா என்கிறோமே, அந்த நோய். ஒரு நோய், ஒரு பொருள், ஒரு நிறம், அவ்வளவுதான். இப்போது நடப்பது வேறு: கொஞ்சம் ரத்தத்தை நிறை நிறமாலைமானியில் (மூலக்கூறுகளை அவற்றின் நிறையை வைத்து இனங்காணும் கருவி) ஏற்றி, எதைத் தேடுகிறோம் என்று முன்கூட்டியே முடிவு செய்யாமல் நூற்றுக்கணக்கான சிறு மூலக்கூறுகளை ஒரே ஓட்டத்தில் அளந்துவிட்டு, நோயுள்ளவருக்கும் இல்லாதவருக்கும் எது மாறுகிறது என்று அப்புறம் உட்கார்ந்து தேடுகிறார்கள். ஓமிக்ஸ் என்ற வால் சொல்வது அந்த 'எல்லாம் சேர்த்து' என்பதைத்தான். மக்கள்தொகை என்று பழகிய நமக்கு அதற்கான சொல் கையிலேயே இருக்கிறது. எனவே அந்த மூலக்கூறுகள் மொத்தத்துக்கும் வளர்சிதைத்தொகை, அதைப் படிக்கும் துறைக்கு வளர்சிதைத்தொகையியல். 'மாற்றம்' போனது வேண்டுமென்றேதான், அதையும் ஒட்டினால் மூச்சு வாங்கும். தொகை என்றால் பணம் அல்லவா என்று கேட்டவருக்கு: மக்கள்தொகையிடம் யாரும் சில்லறை கேட்டதில்லை.

சரி, பயோமார்க்கர், அதாவது உடலின் நிலையை அறிய அளந்து பார்க்கும் பொருள். 'உயிர்க்குறி' வேண்டாம், எழுத்துரு செய்பவர்களுக்கு உயிரெழுத்தின் குறிகளான காலும் கொம்பும்தான் நினைவுக்கு வரும் (வகுப்பில் மாணவர்கள் சிரிப்பார்கள் என்பது தனிக் கதை). 'நோய்காட்டி' சுருக்கமாக இருக்கிறது, ஆனால் பாதிதான் சொல்கிறது. ஃபீனைல்கீட்டோன்யூரியா என்று தெரிந்த பிறகும் ரத்தத்தில் ஃபீனைல்அலனின் (புரத உணவில் வரும், இந்த நோயில் உடலால் சரியாகச் சிதைக்க முடியாத அமினோ அமிலம்) எவ்வளவு என்று பார்த்துப் பார்த்துத்தான் உணவைத் திருத்துகிறார்கள். அங்கே அது காட்டுவது நோயை அல்ல, சிகிச்சை எடுபடுகிறதா என்பதை.

'காட்டி' என்பதிலேயே எனக்கு உறுத்தல் உண்டு, திசைகாட்டி மாதிரி நம்பச் சொல்கிறது. 2009இல் புராஸ்டேட் புற்றுநோய் முற்றுவதைச் சிறுநீரிலுள்ள சார்கோசின் என்ற சிறு மூலக்கூறு சொல்லிவிடும் என்று பெரிதாகப் பேசப்பட்டது, பிறகு வேறு குழுக்கள் அளந்தபோது அந்த வேறுபாடு பலருக்குக் கிடைக்கவில்லை. இந்தத் துறையில் இது அடிக்கடி நடக்கிறது: நூற்றுக்கணக்கில் அளந்தால் ஒன்றிரண்டு தற்செயலாகவே ஏறி இறங்கித் தெரியும், முந்தின நாள் சாப்பிட்டதுகூட முடிவை மாற்றும். ஆகவே 'உயிர்க்குறிப்பான்' என் விருப்பம். குறிப்பு என்றால் தவறாகவும் படித்துவிடலாம் என்பது தமிழில் அதற்குள்ளேயே இருக்கிறது.

ஒற்றில்தான் இன்னும் இழுபறி. வளர்சிதையைப் பெயராகக் கொண்டு 'த்' போட்டேன், வினைத்தொகை என்று பார்த்தால் மிகாது. மெட்டபோலைட்டுக்கும் (அளக்கப்படும் அந்தச் சிறு மூலக்கூறு ஒவ்வொன்றும்) இதே சிக்கல்தான்: வளர்சிதைப்பொருளா, வளர்சிதைபொருளா? இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அதன்படி திருத்திவிடுகிறேன்.