‘மனச்சிதைவு’ என்ற சொல் வேண்டுமா?

பெரம்பூர்க்காரன்:
அண்ணனுக்கு ஸ்கிசோஃப்ரினியா என்று டாக்டர் சீட்டில் எழுதினார். அம்மா விவரம் கேட்டதும் "மனச்சிதைவு நோய்" என்றார். அவ்வளவுதான், சிதைஞ்ச மனசுக்கு மாத்திரை எதுக்கு என்று அம்மா மருந்தையே நிறுத்திவிட்டார், மறுபடி ஆரம்பிக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இந்தச் சொற்களைத் தமிழாக்கவே வேண்டாம். சுகர், பிரஷர் மாதிரி இங்கிலீஷ் பெயரே இருக்கட்டும்.

வேளச்சேரி வாணி:
அம்மா பட்ட பாடு புரிகிறது. ஆனால் அந்த இங்கிலீஷ் பெயர் மட்டும் என்ன? 1908-இல் பிளாய்லர் என்ற சுவிஸ் மருத்துவர், கிரேக்கத்தில் பிளவு, மனம் என்ற இரண்டு சொற்களைச் சேர்த்துச் செய்தது. நினைப்பும் உணர்ச்சியும் ஒன்றோடொன்று சேராமல் போவதைத்தான் அவர் சொன்னார். நம் ஆட்களோ சினிமாவில் வரும் இரட்டை ஆள் என்று நினைக்கிறார்கள், அது வேறு கோளாறு. பெயர் மட்டுமா பயமுறுத்துகிறது? 1794-இல் தொடங்கிய மனநல ஆஸ்பத்திரி அங்கே இருப்பதால் கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரையே வசவாக்கிய ஊர் நம்முடையது.

பெரம்பூர்க்காரன்:
சரி, ‘மன அழுத்தம்’? பேப்பரில் ஸ்ட்ரெஸ்ஸுக்கும் அதுதான், டிப்ரஷனுக்கும் அதுதான். என்னோடு வேலை செய்பவர் மாதக்கணக்கில் தூக்கமில்லாமல் கிடந்தார், மன அழுத்தம் என்றதும் எல்லாருக்கும்தானே இருக்கு, லீவு போட்டு ஊருக்குப் போயிட்டு வா என்றார்கள்.

வேளச்சேரி வாணி:
அது எழுதுகிறவர்களின் அலட்சியம். டிப்ரஷனுக்கு மனச்சோர்வு என்று தனிச்சொல் இருக்கிறதே. குறைந்தது இரண்டு வாரம், நாளின் பெரும்பகுதி மனம் இருண்டு கிடப்பது, பிடித்ததில்கூட நாட்டம் போவது என்று கூடவே சொன்னால் வேலைப்பளுவோடு யார் குழப்பிக்கொள்வார்கள்?

கே.கே.நகர் சேகர்:
குறுக்கே வருகிறேன். ‘பிரமை’யும் அப்படித்தான். பக்கத்து வீட்டுக்காரர் சோற்றில் விஷம் வைக்கிறார் என்று ஆதாரமே இல்லாமல் அடித்துச் சொல்வது ஒன்று, ஆளே இல்லாத அறையில் குரல் கேட்பது இன்னொன்று. இரண்டையும் பிரமை என்றே டாக்டரிடம் சொன்னால் அவருக்கு என்ன தெரியும்? கேட்டதை, பார்த்ததை அப்படியே சொல்லுங்கள்.

பெரம்பூர்க்காரன்:
ஜப்பானில் இந்த நோயின் பழைய பெயரே மனம் பிளந்த நோய் என்றுதான் இருந்தது. குடும்பத்தினர் போராடி 2002-இல் மாற்ற வைத்தார்கள். நான் கேட்பதும் அதுதானே?

வேளச்சேரி வாணி:
அவர்கள் இங்கிலீஷுக்கு ஓடவில்லையே, ஒருங்கிணைப்பு குலைந்த நோய் என்று ஜப்பானிய மொழியிலேயே வேறு பெயர் வைத்தார்கள். நமக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன்.

பெரம்பூர்க்காரன்:
அது வரும்போது வரட்டும். நினைப்பும் உணர்ச்சியும் சேராமல் போவது, மருந்தால் கட்டுக்குள் வரும் என்று அம்மாவிடம் இன்றைக்கே சொல்கிறேன். அந்தப் பெயரை மட்டும் வாயில் எடுக்க மாட்டேன்.