ஸ்லிங் அறுவைக்குத் தமிழில் என்ன? தூளி, கவண், வார், நாடா

மொழிபெயர்ப்பாளர்:
குழுவினருக்கு வணக்கம். இருமினால், தும்மினால், கனம் தூக்கினால் பெண்களுக்குச் சிறுநீர் கசிகிறதே, அதற்காகச் சிறுநீர் வெளிவரும் குழாய்க்கு அடியில் ஒரு பட்டையை வைத்துத் தாங்கும் செயற்கை ஸ்லிங் அறுவை பற்றிய நோயாளர் கையேடு ஒன்று கையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மூன்று இடங்களில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். நோயின் பெயர் பழைய வரைவில் 'மன அழுத்தச் சிறுநீர் அடங்காமை' என்று இருக்கிறது. ஸ்லிங்கை அப்படியே ஸ்லிங் என்று விட்டிருக்கிறார்கள். உள்ளே வைத்த வலைப்பட்டை திசுவைத் தாண்டி வெளிப்படும் 'மெஷ் எரோஷன்' என்பதை 'வலை அரிப்பு' ஆக்கியிருக்கிறார்கள். என்ன செய்யலாம்?

மருத்துவர்:
'மன' என்பதை முதலில் அடித்துவிடுங்கள். இந்த அழுத்தம் வயிற்றுக்குள் எழுவது. இருமும்போது அது சட்டென ஏறிச் சிறுநீர்ப்பையை அமுக்கும். அதே வேளையில் பையிலிருந்து சிறுநீரை வெளியே விடும் குழாயான நீர்த்தாரையும் நசுங்கி மூடிக்கொள்ள வேண்டும். மூட வேண்டுமானால் அதற்கு அடியில் கெட்டியான ஆதாரம் தேவை. ரப்பர் குழாயைச் சிமெண்டுத் தரையில் வைத்து மிதித்தால் தண்ணீர் நிற்கும். சேற்றில் வைத்து மிதித்தால் குழாய் அமிழுமே தவிர தண்ணீர் நிற்காது. நோய் இவ்வளவுதான். 'இருமல் அழுத்தக் கசிவு' என்றாலும் எனக்குச் சம்மதம்.

'அரிப்பு' ஆபத்தான சொல். நமைச்சல் என்று படித்துவிட்டுக் களிம்பு தடவிக்கொண்டிருப்பார்கள். 2011இல் பன்னாட்டுக் கலைச்சொல் அறிக்கையே எரோஷன் என்ற சொல்லைத் தவிர்க்கச் சொல்லிவிட்டது. யோனிச் சுவரில் நாடா தெரிந்தால் 'வெளித்தெரிதல்', சிறுநீர்ப்பைக்குள்ளோ நீர்த்தாரைக்குள்ளோ புகுந்தால் 'துளைத்தல்' என்று பிரித்து எழுதுங்கள். முன்னதில் வெள்ளைப்படுதல், இரத்தக்கசிவு, உறவின்போது துணைவருக்குக் குத்துவது. பின்னதில் திரும்பத் திரும்பச் சிறுநீர்த் தொற்று, சிறுநீரில் இரத்தம். இரண்டுக்கும் மருத்துவமும் வேறு.

தமிழாசிரியர்:
'அடங்காமை' வேண்டவே வேண்டாம். குறள் 121இல் அடங்காமை ஆரிருள் உய்த்துவிடுகிறது. இருமியதற்காக ஒரு பெண்ணை நரகத்துக்கு அனுப்ப முடியாது. 'ஒழுக்கு'ம் இதே வம்புதான், பக்கத்திலேயே ஒழுக்கம் நிற்கிறது. 'கசிவு' போதும். நீர்த்தாரை நல்ல பழைய சொல், அதை விடாதீர்கள். சிறுநீர்க்குழாய் என்றால் சிறுநீரகத்திலிருந்து பைக்கு இறங்கும் குழாயோடு குழம்பும்.

ஸ்லிங் என்பது தூளி. துணியின் இரு முனையும் மேலே, சுமை நடுவில்.

வேர்ச்சொல் ஆய்வாளர்:
தூளி பிள்ளைக்கு. ஸ்லிங்குக்கு நேர்ச்சொல் கவண். தினைப்புனம் காத்த பெண்கள் கையில் இருந்தது அது. கவ், கவை, கவடு, கவட்டை, கவண் எல்லாம் ஒரே வேர் என்பது என் கருத்து. இரண்டாகப் பிரிந்து நடுவில் ஒன்றைப் பற்றுவது. கவடு என்றால் தொடை பிரியும் இடமும்தான். ஒரு வகை அறுவையில் நாடாவின் முனைகள் அந்த இடத்தில்தானே வெளிவருகின்றன? சொல் நமக்காகவே காத்திருந்திருக்கிறது.

மருத்துவர்:
ஐயா, உடற்கூறு சரிதான். 2001இல் டெலோர்ம் தொடைப்பக்கத்திலிருந்து உள்ளே ஊசியைச் செலுத்தினார், 2003இல் டி லெவால் உள்ளிருந்து வெளியே. இரண்டிலும் முனை கவட்டுப் பக்கம்தான் வரும். தொடை வலியும் அந்த வழிக்கே உரிய தொல்லை. ஆனால் சிறுநீர், கவண் இரண்டையும் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள். படிப்பவர் மனத்தில் உடனே கல் வந்து விழும். சிறுநீரகக் கல் அறுவை என்றே நினைப்பார்கள்.

தூளியிலும் ஒரு சிக்கல். நோயாளியின் வயிற்றுத் தசையுறையிலிருந்தே ஒரு பட்டை எடுத்து, நூல் கோத்து மேலே கொண்டுபோய் அந்த உறைமேல் முடிச்சுப் போடும் பழைய முறை இன்றும் உண்டு. தூளி என்ற பெயர் அதற்குப் பொருந்தும்: விட்டம் இருக்கிறது, கட்டு இருக்கிறது. 1996இல் உல்ம்ஸ்டென் வெளியிட்ட நாடா முறையில் முடிச்சே கிடையாது. யோனியின் முன்சுவரில், சிறுநீர்த் துவாரத்துக்குச் சுமார் 1 செ.மீ. கீழே, ஒன்றரை செ.மீ. வெட்டு. நாடா 1 செ.மீ.க்குச் சற்றே கூடுதல் அகலம். இரு பக்கமும் ஊசி பூப்பெலும்பின் பின்னால் ஏறி, அடிவயிற்றுத் தோலில் நடுக்கோட்டிலிருந்து சுமார் 2 செ.மீ. தள்ளி வெளிவரும். உடனே உள்நோக்கியால் பையைச் சுற்றிப் பார்த்தாக வேண்டும். ஊசி பையைக் குத்தியிருந்தால் உருவி மறுபடி செலுத்திவிட்டுச் சிலநாள் கூடுதலாகச் சிறுநீர் வடிகுழாயை வைப்பது. பார்க்காமல் விட்டால் நாடா பைக்குள்ளேயே கிடந்து கல் கட்டும்.

அடுத்துதான் முக்கியமான கட்டம். நாடாவுக்கும் நீர்த்தாரைக்கும் நடுவில் கத்தரிக்கோலின் நுனியைச் செருகி வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் உறையை உருவுவோம். இடைவெளி வேண்டும். இழுத்து வைத்தால் கசிவு நிற்கும், அதோடு சிறுநீரும் நின்றுவிடும். கடைசியில் முனைகளைத் தோலை ஒட்டி நறுக்கி அப்படியே விட்டுவிடுவது. சதை வளர்ந்து பிடித்துக்கொள்ளும்.

மொழிபெயர்ப்பாளர்:
அப்படியானால் 'தளர்நாடா' என்று வைக்கலாமா? இழுவிசை இல்லாதது என்பது அறுவையின் ஆங்கிலப் பெயரிலேயே (tension-free vaginal tape) இருக்கிறதே.

தமிழாசிரியர்:
தளர்நாடா வினைத்தொகை. தளர்ந்த நாடா, தளர்கின்ற நாடா, தளரும் நாடா. மூன்றாவதைப் படித்துவிட்டு எவர் கையெழுத்துப் போடுவார்?

கணினித் தமிழர்:
பேசாமல் TVT என்ற ஆங்கில எழுத்துச் சுருக்கத்தையே தமிழில் போடலாம் என்று எழுத வந்தேன். தட்டிப் பார்த்தால் 'டிவிடி' என்று வருகிறது. படம் பார்க்கும் வட்டுக்கும் இதே எழுத்துதான். வாபஸ்.

வேர்ச்சொல் ஆய்வாளர்:
கவண் வேண்டாமென்றால் போகட்டும். ஆனால் நாடா உருதுவழி வந்தது. 'வார்' இருக்க ஏன் கடன்?

தமிழாசிரியர்:
வார் என்றால் ஊற்று என்றும் பொருள், ஐயா. கசிவை நிறுத்த வந்த பொருளுக்கு 'நீர்த்தாரை வார்' என்று பெயர் வைத்தால் தாரை வார்த்த கதைதான். பாவாடை நாடா எந்த வீட்டில் இல்லை? எழுத்தும் நம் எழுத்தே. நாடா இருக்கட்டும். முன்னால் 'தாங்கு' சேருங்கள்: தாங்குநாடா. இதுவும் வினைத்தொகைதான், ஆனால் முக்காலத்திலும் தாங்கும்.

மருத்துவர்:
சும்மா இருக்கும்போது அது எதையும் தாங்குவதில்லை, இருமும்போது மட்டும்தான். ஆனாலும் ஒத்துக்கொள்கிறேன்.

செவிலியர்:
எனக்கு உடன்பாடில்லை. பொருள் பாலிப்ரோப்பிலீன் வலை. நாடா என்றால் வேண்டாதபோது அவிழ்க்கலாம் என்றுதான் தோன்றும். முதல் ஓரிரு வாரத்துக்குள் சிறுநீர் பிரியாவிட்டால் தையலைப் பிரித்துச் சற்றுக் கீழே இழுத்துத் தளர்த்தலாம். அதற்குப் பிறகு சதை வலைக்கண்களுக்குள் புகுந்துவிடும், வெட்டத்தான் முடியும். முழுவதையும் எடுப்பது பெரிய அறுவை. பிரிட்டனில் 2018 ஜூலையில் இந்த அறுவையையே நிறுத்தி வைத்தார்கள். ஒப்புதல் கேட்கும் தாளில் 'வலை' என்ற சொல் பெயரிலேயே இருக்க வேண்டும்.

மருத்துவர்:
சகோதரி சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் 'வலை' என்று மட்டும் எழுதினால் கருப்பையோ யோனிச் சுவரோ கீழிறங்கும் அடியிறக்கத்துக்கு வைக்கும் பெரிய வலையோடு கலந்துவிடும். 2019 ஏப்ரலில் அமெரிக்காவில் விற்பனையை நிறுத்தச் சொன்னது அந்த வலையை, இந்த நாடாவை அல்ல. பின்னலும் முக்கியம். ஒற்றையிழையில், கண் 75 மைக்ரானுக்கு மேல் இருந்தால் வெள்ளணுக்கள் உள்ளே போய் வரும். பல்லிழையாக முறுக்கினால் இழைகளின் சந்தில் கிருமி ஒளிந்துகொள்ளும், அதை விழுங்க வேண்டிய அணு நுழைய முடியாது. முதல்முறை வரும் இடத்தில் 'வாழ்நாள் முழுதும் உடலிலேயே இருக்கும் செயற்கை வலையாலான நாடா' என்று விளக்கிவிடலாம்.

செவிலியர்:
விளக்கத்தை ஒருமுறைதான் படிப்பார்கள். பெயர் பக்கத்துக்குப் பக்கம் வரும். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

மொழிபெயர்ப்பாளர்:
பதிந்தேன், அக்கா. நேரமில்லை. நோய் 'அழுத்தச் சிறுநீர்க் கசிவு', அறுவை 'நீர்த்தாரைத் தாங்கு நாடா' என்று அனுப்புகிறேன். இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை மூன்று மாதமாவது செய்து பார்த்த பிறகே அறுவை என்ற வரியை முதல் பக்கத்துக்கு ஏற்றிவிட்டேன்.

வேர்ச்சொல் ஆய்வாளர்:
வார் என்றே நான் எழுதுவேன்.

தமிழாசிரியர்:
அச்சுக்குப் போகும் முன் ஒன்று. 'தாங்குநாடா' சேர்த்தே இருக்கட்டும். இடைவெளி விட்டால் வரி முறியும் இடத்தில் 'தாங்கு' மட்டும் தனியே நிற்கும். வலியோடு படிப்பவருக்கு அது ஏவலாகப் படும்.